அழிக்கப்பட்டது ஒரு சொல், வெளியானது விளம்பரம்: பேக்பேஜ் வழக்கின் வரலாறு

2016 மார்ச் 14 அன்று, பாஸ்டனில் உள்ள அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்பைச் சொன்னது. வழக்குப் போட்டவர்கள் மூன்று பெண்கள். மூவரும் 15 வயதில் தரகர்களால் பாலியல் சந்தையில் விற்கப்பட்டவர்கள். அவர்களை விற்ற விளம்பரங்கள் பேக்பேஜ் என்ற இணையதளத்தில் வந்தன. நீதிமன்ற ஏட்டில் அவர்களின் பெயர் ஜேன் டோ 1, 2, 3. அடையாளத்தை மறைத்து வழக்கு நடத்தும் பெண்ணுக்கு அங்கே வைக்கும் பொதுப்பெயர் அது.

மூவரும் தோற்றார்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நீதிபதிகள் நினைக்கவில்லை. கடத்தல்காரர்களுக்கு வசதியாகவே பேக்பேஜ் தன் தளத்தை அமைத்துக்கொண்டது என்ற வாதத்தை அவர்கள் வலுவாக வைத்திருக்கிறார்கள் என்றுகூடத் தீர்ப்பு ஒப்புக்கொண்டது. ஆனாலும் சட்டம் தடுக்கிறது, பரிகாரம் வேண்டுமானால் சட்டமியற்றும் அவையிடம் போங்கள் என்று சொல்லிவிட்டது. அதாவது சாட்சி சொல்லும் கட்டத்துக்கு முன்பே வழக்கு முடிந்துபோனது.

கடத்தப்படும் பெண்கள் யார் வீட்டுப் பெண்கள் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து இன்றைய தரகர் வரை அந்த வரலாறு சேரியின் வாசலைத் தாண்டித்தான் போயிருக்கிறது. ஆனால் இணையதளம் என்று வந்தவுடன் நம் தோழர்கள் பலரிடம் ஒரே ஒரு கோரிக்கைதான் இருக்கிறது: "தடை செய்." அண்மையில் ஒரு வாசிப்பு வட்டத்தில் சட்ட மாணவர் ஒருவர் அதையே கேட்டார். அமெரிக்காவில் தடை செய்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அந்த மூன்று பெண்களையும் தடுத்த சட்டத்தின் பெயர் பிரிவு 230. அதன் பிறப்புக்கும் பெண்களுக்கும் சம்பந்தமே இல்லை. 1990களில் புரோடிஜி என்ற இணையச் சேவையின் விவாதப் பலகையில் பெயர் தெரியாத ஒருவர், ஸ்ட்ராட்டன் ஓக்மான்ட் என்ற பங்குத் தரகு நிறுவனம் மோசடி செய்கிறது என்று எழுதினார். நிறுவனம் புரோடிஜி மீது அவதூறு வழக்குப் போட்டது. 1995இல் நியூயார்க் நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? புரோடிஜி ஆபாசத்தையும் வசவையும் நீக்கி பலகையைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறது, அப்படியானால் அது பத்திரிகை ஆசிரியர் மாதிரி, எழுதியதற்கெல்லாம் அதுவே பொறுப்பு. இதற்கு 4 ஆண்டுகள் முன்பு, எதையும் நீக்காத கம்பியூசர்வ் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று வேறொரு நீதிமன்றம் சொல்லியிருந்தது. குப்பையை அள்ளினால் மாட்டிக்கொள்வாய், அள்ளாவிட்டால் தப்பிப்பாய் என்று ஆனது. (அந்தத் தரகு நிறுவனம் உண்மையிலேயே மோசடி நிறுவனம்தான். அதன் தலைவர் ஜோர்டன் பெல்போர்ட் பிறகு சிறைக்குப் போனார், அவரைப் பற்றி ஹாலிவுட் படமும் வந்தது.)

இந்தக் கோணலை நிமிர்த்த கிறிஸ் காக்ஸ், ரான் வைடன் என்ற இரண்டு உறுப்பினர்கள் கொண்டுவந்ததே பிரிவு 230. 1996 பிப்ரவரியில் சட்டமானது. பிறர் எழுதியதற்குத் தளத்தைப் பதிப்பாளராகக் கருதக்கூடாது என்பது முதல் பாதி. நல்லெண்ணத்தோடு மோசமானதை நீக்கினால் அதற்காகத் தண்டிக்கக்கூடாது என்பது இரண்டாம் பாதி. கூட்டாட்சிக் குற்றவியல் சட்டத்தை இது தொடாது என்றும் அதிலேயே எழுதியிருந்தது. இந்தக் கடைசி வரியை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

பேக்பேஜின் முதலாளிகளைப் பற்றி வாசித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர்கள் நம் பக்கத்து ஆட்கள் மாதிரித்தான் தொடங்கினார்கள். மைக்கேல் லேசி 1970இல் வியட்நாம் போர் எதிர்ப்பு அலையில் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் ஒரு மாற்றுப் பத்திரிகையைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஜேம்ஸ் லார்கின் பிறகு வந்து சேர்ந்தார். பீனிக்ஸை உள்ளடக்கிய மாரிகோப்பா கவுண்டியின் ஷெரிப் ஜோ அர்பாயோ, லத்தீன் அமெரிக்க மக்களைத் தோல் நிறம் பார்த்துப் பிடித்ததற்குப் பேர்போனவர். அவரை அம்பலப்படுத்தி இவர்கள் பத்திரிகை எழுதியது. 2007இல் ஷெரிப்பின் ஆட்கள் இரவோடு இரவாக இருவரையும் வீட்டில் வைத்துக் கைது செய்தார்கள். அதற்கு நஷ்டஈடாக 2013இல் 37.5 லட்சம் டாலர் கிடைத்தது. அந்தப் பணத்தைப் புலம்பெயர்ந்தோர் உரிமைக்கு நிதியாக வைத்தார்கள்.

அதே கைகள் 2004இல் பேக்பேஜைத் தொடங்கின. மாற்றுப் பத்திரிகைகளின் கடைசிப் பக்கத்தில் வரும் வரி விளம்பரங்களை இணையத்துக்கு மாற்றியதால் அந்தப் பெயர். வீடு வாடகை, பழைய சோபா எல்லாம் அதில் இருந்தன, ஆனால் காசு வந்தது 'வயது வந்தோர்' பகுதியிலிருந்து. அந்தச் சந்தையின் பெரிய தளமாக இருந்த கிரெய்க்ஸ்லிஸ்ட், மாநில அரசு வழக்கறிஞர்களின் நெருக்கடியால் 2010 செப்டம்பரில் தன் பகுதியை மூடியது. கூட்டம் அப்படியே பேக்பேஜுக்கு வந்தது. 2014இல் அதன் ஆண்டு வருமானம் சுமார் 13.5 கோடி டாலர். ஒரு தளத்தை மூடினால் சந்தை அடுத்த தெருவுக்குப் போகும் என்பதற்கு முதல் சாட்சி இது. அப்போது யாரும் அதைப் பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு வந்த வழக்குகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வாஷிங்டன் மாநிலம் 2012இல் ஒரு சட்டம் போட்டது, கூட்டாட்சி நீதிமன்றம் அதை நிறுத்தியது. இலினாய் மாநிலத்தின் ஒரு ஷெரிப் 2015இல் விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதி பணப் பரிமாற்றத்தை நிறுத்த வைத்தார். அரசு அதிகாரி மிரட்டிப் பேச்சை முடக்கக்கூடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரைக் கண்டித்தது. 2016இல் கலிபோர்னியாவின் அரசு வழக்கறிஞர் கமலா ஹாரிஸ் முதலாளிகள் மீது பெண்களை வைத்துத் தொழில் நடத்தியதாகக் குற்றம் சாட்டினார். நீதிபதி தள்ளுபடி செய்தார். ஏறக்குறைய எல்லா இடத்திலும் பதில் ஒன்றுதான்: பிறர் எழுதியது, பிரிவு 230.

ஒரே ஒரு விரிசல் விழுந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் பள்ளிச் சிறுமிகளாக இருந்தபோது விற்கப்பட்டவர்கள் போட்ட வழக்கை 2015 செப்டம்பரில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தொடர அனுமதித்தது. அவர்களின் வழக்கறிஞர்கள் வைத்த வாதம் வேறு. 'உன் தளத்தில் யாரோ எழுதினார்கள்' என்று அவர்கள் சொல்லவில்லை. 'எப்படி எழுதினால் போலீஸ் கண்ணில் படாது என்று விதி வகுத்து, எழுத உதவியது நீதான்' என்றார்கள். எழுதுவதில் உனக்கும் பங்கு இருந்தால் அது பிறர் எழுத்து இல்லை. அதை நிரூபிக்க உள்ளே இருக்கும் ஆவணம் வேண்டும். அதை எடுத்துத் தந்தது அமெரிக்க செனட்டின் ஒரு துணைக்குழு.

குடியரசுக் கட்சியின் ராப் போர்ட்மேனும் ஜனநாயகக் கட்சியின் கிளேர் மெக்காஸ்கிலும் அந்த விசாரணையை நடத்தினார்கள். பேக்பேஜின் தலைமை அதிகாரி கார்ல் பெரர் வரவும் மறுத்தார், ஆவணம் தரவும் மறுத்தார். 2016 மார்ச்சில் செனட் 96-0 என்று வாக்களித்து அவரை நீதிமன்றத்துக்கு இழுத்தது. ஆவணங்கள் வந்தன. 2017 ஜனவரியில் அறிக்கை வெளியானது.

அறிக்கையின் நடுவில் ஒரு மென்பொருள் வடிகட்டி வருகிறது. விளம்பரத்தில் சில சொற்கள் இருந்தால் அது தானாகவே அவற்றை நீக்கும். 'பதின்வயது', 'சின்னப்பெண்', 'பள்ளி மாணவி', 'வன்புணர்வு' மாதிரியான சொற்கள். 'ஆம்பர் அலர்ட்' என்பதும் அதில் இருந்தது. குழந்தை காணாமல் போனால் அமெரிக்காவில் விடுக்கும் அவசர அறிவிப்பின் பெயர் அது, சந்தையில் அதைக் குறிச்சொல்லாகப் பயன்படுத்தினார்கள். இந்தச் சொல்லைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும்? விளம்பரத்தை நிறுத்த வேண்டும், காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். வடிகட்டி செய்தது அது இல்லை. சொல்லை மட்டும் உருவிவிட்டு மீதியை வெளியிட்டது. 'பள்ளி மாணவி' என்ற சொல் போய்விட்டது, பள்ளி மாணவி அங்கேயே இருந்தாள். ஒரு கட்டத்தில் வயது வந்தோர் பகுதியின் விளம்பரங்களில் 70 முதல் 80 சதவீதம் வரை திருத்துகிறோம் என்று நிறுவனத்தின் உள் மின்னஞ்சலே மதிப்பிட்டிருந்தது.

பிறகு இன்னொரு வழி வந்தது. தடைசெய்த சொல்லைப் போட்டால், இந்தச் சொல் கூடாது என்று திரையில் காட்டும், போடுபவர் மாற்றிப் போடலாம். வயது 18க்குக் கீழ் என்று அடித்தால் மன்னிப்புக் கேட்கும் தொனியில் ஒரு செய்தி வரும். வேறு எண்ணை அடித்தால் உள்ளே போகலாம்.

பேச்சுரிமை என்ற பெரிய சொல்லை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். 1996இல் பிரிவு 230ஐ எழுதியவர்கள் அசிங்கத்தை நீக்குபவருக்குப் பாதுகாப்பு கொடுத்தார்கள். பேக்பேஜ் அந்தப் பாதுகாப்புக்குள் நின்றுகொண்டு நீக்கியது அசிங்கத்தை அல்ல, அசிங்கத்தின் சாட்சியத்தை. எனக்கு இந்த வரலாற்றின் மையம் இதுதான். தெரிந்தும் சும்மா இருந்தார்களா என்பது ஒரு கேள்வி. தன் கையால் என்ன செய்தார்கள் என்பது வேறு கேள்வி, வழக்கில் நிற்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

அதே 2017 ஜனவரி 9 அன்று, முதலில் சொன்ன மூன்று பெண்களின் மேல்முறையீட்டை எடுக்க அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. அன்றிரவே, அறிக்கை வரப்போவதை அறிந்த பேக்பேஜ் அமெரிக்காவில் வயது வந்தோர் பகுதியை மூடியது. தணிக்கைக்குப் பலியானோம் என்று அறிவித்துக்கொண்டது.

இனிச் சட்டம் மாற வேண்டும் என்ற குரல் ஓங்கியது. அந்தச் செப்டம்பரில் ஒரு தாய் செனட் குழு முன் சாட்சி சொன்னார். சிகாகோவைச் சேர்ந்த கறுப்பினப் பெண். அவருடைய 16 வயது மகள் பேக்பேஜில் விற்கப்பட்டு, 2016 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கொல்லப்பட்டாள். அந்தச் சாட்சியத்துக்குப் பிறகு மசோதாவை எதிர்ப்பது எளிதாக இல்லை. 2018 பிப்ரவரியில் கீழவை 388-25, மார்ச்சில் செனட் 97-2. எதிர்த்த இரண்டு செனட்டர்களில் ஒருவர் பிரிவு 230ஐ எழுதிய அதே ரான் வைடன். ஏப்ரல் 11 அன்று டிரம்ப் கையெழுத்திட்டார். பாஸ்டா என்று சுருக்கமாகச் சொல்லும் அந்தச் சட்டம், கடத்தல் வழக்குகளில் பிரிவு 230இன் தடுப்பை ஓரளவு நீக்கியது. அத்தோடு, பாலியல் தொழிலை ஊக்குவிக்கும் அல்லது வசதி செய்யும் நோக்கத்தோடு தளம் நடத்துவதையே புதிய குற்றமாக்கியது.

கடத்தலும் பாலியல் தொழிலும் ஒரே வாக்கியத்தில் கட்டப்பட்டது அங்கேதான். விளைவு உடனே தெரிந்தது. கிரெய்க்ஸ்லிஸ்ட் தன் துணைதேடும் பகுதியையே மூடியது. பாலியல் தொழிலாளர்கள் ஆபத்தான வாடிக்கையாளர்களின் பட்டியலைப் பகிர்ந்துகொண்ட இடங்கள் மறைந்தன. வருபவன் யார் என்று முன்கூட்டியே விசாரிக்கும் வழி போய், தெருவுக்கும் தரகனுக்கும் திரும்ப வேண்டியதாயிற்று என்று அவர்கள் 2018 ஜூனில் பல நகரங்களில் தெருவில் இறங்கிச் சொன்னார்கள். மசோதா வாக்கெடுப்புக்கு முன் அவர்கள் சொன்னதும் இதுவே. யாரும் அவர்களைச் சாட்சி மேசைக்குக் கூப்பிடும் அவசரத்தில் இல்லை.

மீட்பின் பெயரில் வந்த சட்டம் வேறு ஆளைப் பிடித்த கதை அமெரிக்காவுக்குப் புதிதல்ல. 1910இல் 'வெள்ளை அடிமைப் போக்குவரத்துச் சட்டம்' என்ற பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது, மான் சட்டம் என்பார்கள். பெயரிலேயே யாரைக் காப்பாற்றப் போகிறோம் என்று நிறத்தைச் சொல்லிவிட்ட சட்டம். அதில் சிக்கிய பிரபலமான ஆள் ஜாக் ஜான்சன், உலகக் கனரகக் குத்துச்சண்டைப் பட்டம் வென்ற முதல் கறுப்பர். வெள்ளைப் பெண்ணோடு பயணம் செய்ததற்காக, வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு 1913இல் அவரைக் குற்றவாளி என்றது. அவருக்கு மன்னிப்பு கிடைத்தது 2018 மே மாதம், இறந்து 70 ஆண்டுகளுக்கும் மேலான பிறகு. கையெழுத்திட்டவர் அதே டிரம்ப், பாஸ்டாவில் கையெழுத்திட்டு 6 வாரங்களில்.

சரி, பேக்பேஜை வீழ்த்தியது பாஸ்டாவா? தேதியைப் பாருங்கள். அரசு பேக்பேஜைப் பறிமுதல் செய்தது 2018 ஏப்ரல் 6 அன்று, பாஸ்டா சட்டமாவதற்கு 5 நாள் முன்பு. குற்றப்பத்திரிகையில் இருந்தவை 1961இன் பயணச் சட்டமும் பணமோசடித் தடுப்புச் சட்டமும். பிரிவு 230 தொடாது என்று 1996இலேயே எழுதியிருந்த கூட்டாட்சிக் குற்றவியல் சட்டங்கள் இவை. அந்தப் பெண்களுக்குத்தான் கதவு பூட்டியிருந்தது, அரசின் கையில் சாவி எப்போதுமே இருந்தது. மாநிலங்கள் தோற்றுக்கொண்டிருந்த ஆண்டுகளில் அரசு அதைத் திருப்பவில்லை.

பெரர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சாட்சியாக மாறினார். மற்றவர்கள் மீதான முதல் விசாரணை 2021இல் பாதியில் செத்தது. குற்றப்பத்திரிகையில் சிறார் கடத்தல் இல்லாதபோதும் அரசுத் தரப்பு அதைப் பற்றியே பேசியதால் நீதிபதி அதை ரத்து செய்தார். 2023 ஜூலை 31 அன்று, மறுவிசாரணை தொடங்கவிருந்த நேரத்தில், லார்கின் தற்கொலை செய்துகொண்டார். நவம்பரில் நடுவர் குழு லேசியை ஒரே ஒரு பணமோசடிக் குற்றச்சாட்டில் குற்றவாளி என்றது, பெரும்பாலானவற்றில் முடிவுக்கே வரவில்லை. 2024 ஆகஸ்டில் நீதிபதி டயான் ஹுமெட்டேவா அவருக்கு 5 ஆண்டு சிறை விதித்தார். ஹோப்பி பழங்குடியைச் சேர்ந்த இவர் அமெரிக்காவின் முதல் பூர்வகுடிப் பெண் கூட்டாட்சி நீதிபதி.

பாஸ்டாவின் புதிய குற்றப்பிரிவு என்ன ஆனது? அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2021 ஜூனில் கணக்குப் பார்த்தது. 3 ஆண்டுகளில் அதன்கீழ் ஒரே ஒரு வழக்கு. அதன் வழியாகப் பாதிக்கப்பட்டவருக்குக் கிடைத்த நஷ்டஈடு எதுவும் இல்லை. தளங்கள் வெளிநாட்டுக்கு நகர்ந்துவிட்டதால் சாட்சியம் திரட்டுவது கடினமாகிவிட்டது என்றும் அந்த அறிக்கை சொன்னது. பெண்கள் தாங்களே போடும் வழக்குகளுக்குத்தான் கொஞ்சம் வழி பிறந்தது. அதுவும் குறுகலாக. ரெட்டிட் வழக்கில் 2022இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், தளமே தெரிந்து கடத்தலில் பங்கெடுத்ததாகக் காட்ட வேண்டும் என்றது. ஆனால் 2023இல் இன்னொரு நீதிமன்றம், பேக்பேஜுக்கு வணிக மென்பொருள் விற்ற சேல்ஸ்போர்ஸ் நிறுவனத்தின் மீதான வழக்கைத் தொடர விட்டது. பறிமுதல் செய்த சொத்திலிருந்து 20 கோடி டாலருக்கு மேல் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்க 2025 ஜூலையில் விண்ணப்பம் கேட்டார்கள். மூன்று பெண்கள் பாஸ்டனில் தோற்று அப்போது 9 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இங்கே நம் கையில் இருப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 79. அதற்கும் ஒரு கைதுக் கதை உண்டு. 2004இல் பள்ளி மாணவர் இருவரின் அந்தரங்கக் காணொளி பாஸி.காம் தளத்தில் விற்பனைக்கு வந்தது, தளத்தின் தலைவர் கைதானார். 2008இல் பிரிவு 79 இன்றைய வடிவத்துக்குத் திருத்தப்பட்டது. 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில், நீதிமன்ற ஆணையோ அரசு அறிவிப்போ வந்தால்தான் தளத்துக்குத் 'தெரியும்' என்று கொள்ள வேண்டும் என உச்ச நீதிமன்றம் சொன்னது. பேச்சுரிமைக்கு அது நல்ல தீர்ப்பு, நாமும் கொண்டாடினோம். ஆனால் 'தெரிந்தும் சும்மா இருந்தார்கள்' என்று வழக்குப் போடும் வழி அதோடு மிகவும் சுருங்கியது.

அதே பிரிவில் இன்னொரு நிபந்தனை இருக்கிறது, நம் மனுக்களில் நான் அதைப் பார்த்ததே இல்லை. தகவலைத் தேர்ந்தெடுக்கவோ மாற்றவோ கூடாது என்கிறது 79(2)(ஆ). முழு விளம்பரத்தையும் நீக்கினால் அது மாற்றம் ஆகாது என்று 2021 விதிகள் பாதுகாப்பு கொடுக்கின்றன. ஒரு சொல்லை மட்டும் உருவிவிட்டு மீதியை வெளியிட்டால்? அந்தப் பாதுகாப்பு அதற்குப் பொருந்தாது என்பது என் வாசிப்பு. தடை கேட்டு மனு எழுதவிருந்த அந்தச் சட்ட மாணவரிடம் இதைச் சொன்னேன். மனுவை ஓரமாக வைத்துவிட்டு, எந்தத் தளம் எந்தச் சொல்லைப் போட்டால் என்ன செய்தி காட்டுகிறது என்று நண்பர்களோடு சேர்ந்து குறிப்பெடுக்கத் தொடங்கியிருக்கிறார். அடுத்த வாசிப்பு வட்டத்துக்கு அந்தக் குறிப்பேட்டோடு வருகிறார், பிரிவு 79ஐ நீங்களும் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்.